தேத்தண்ணிக்குள் என்ன கிடக்கு?

கதவு திறந்ததும் முதலில் வந்தது ரைஸ் குக்கர்தான். நஸ்லீமின் தோளில் இடித்துச் சுவரில் மோதி, மூடி ஒரு பக்கம் சோறு ஒரு பக்கமாகக் கொரிடோர் முழுக்கச் சிதறியது. எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பொலிஸ்காரர்களில் இளையவன் கையை இடுப்பிலிருந்த துப்பாக்கிக்குக் கொண்டுபோனான்.

“கையை எடு!” என்று அவனைப் பார்த்துக் கத்தினேன். கத்தியது ஆங்கிலத்தில். மனதுக்குள் வந்ததெல்லாம் நல்ல யாழ்ப்பாணத்துத் தூஷணம். அதை இங்கே எழுத முடியாது.

மனநல நெருக்கடிக் குழு ஒன்றில் நான் மூத்த உளவியலாளர். பொலிஸ் இல்லாமல் வீடுகளுக்குப் போய், கொந்தளித்துப்போய் நிற்கிறவர்களை ஆற்றுவது எங்கள் வேலை. நஸ்லீம் என் குழுவின் நேர்ஸ். அன்று வோபர்ன் பகுதியில், அந்த அடுக்குமாடியில், பக்கத்து வீட்டுக்காரர் அலறல் கேட்டுப் பொலிஸையும் கூப்பிட்டுவிட்டார். கெஞ்சிக் கூத்தாடி அவர்களை வாசலில் நிறுத்தினேன். உள்ளே இருப்பவன் கையில் கத்தி என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். பொலிஸ் போனால் கத்தியைப் போடச் சொல்வார்கள். அவன் போடமாட்டான். அதற்குப் பிறகு அவர்கள் சுடுவார்கள்.

உள்ளே குசினித் தரையில் கமலாம்பிகை அன்ரி இருந்தார். குக்கரை எறிந்துவிட்டுக் குசினிக்குள் திரும்பி ஓடிய மகன் ராகுலனின் இடக்கையில் அவருடைய தலைமயிர் சுற்றியிருந்தது. வலக்கையில் இறைச்சி வெட்டும் கத்தி, அவருடைய கழுத்தோடு ஒட்டி. உதடு கிழிந்து, முன்பல் ஒன்று போய், இரத்தம் நைற்றி முழுக்க வடிந்திருந்தது. மேசையில் ஒரு கப் தேத்தண்ணி மட்டும் கவிழாமல் நின்றது.

அன்ரி அன்று மத்தியானம்தான் எனக்குப் போன் எடுத்திருந்தார். “பிள்ளை, நான் நஞ்சு போடுறன் எண்டு நிக்கிறான். பெத்த தாய் பிள்ளைக்கு நஞ்சு போடுவாளே?” என்று அழுதார். போடமாட்டாள்தானே? ராகுலனை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். சுவருக்குள் ஆட்கள் இருந்து தன்னைக் கொல்லக் கதைப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தவன். அந்த வருத்தம், அந்த நோய், உள்ளவர்கள் சாப்பாட்டில் நஞ்சு என்று சொல்வது நான் அடிக்கடி கேட்டது. மருந்துக் குளிசை என்றால் வெறுப்பு. ஆனாலும் சில மாதங்களாக அமைதியாக இருந்தான். தானாகவே குளிசை போடுகிறான் என்று அன்ரி சொன்னார். நாங்களும் கூட்டம் போட்டு, ஆகா ஓகோ என்று எங்களையே மெச்சிக்கொண்டோம்.

“டொக்டர், இஞ்சை வாங்கோ,” என்றான் ராகுலன். கண்கள் சிவந்து, மேலெல்லாம் வியர்த்துக் கிடந்தான். “உந்தக் கப்பைப் பாருங்கோ. அடியிலை வெள்ளையா மா மாதிரிக் கிடக்கு. உவ என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொல்லுறா.”

இந்த இடத்தில் என்ன சொல்லவேண்டும் என்று நான் வகுப்பே எடுக்கிறவள். மறுக்காதே, ஆமோதிக்காதே, அவனுடைய பயத்தோடு மட்டும் கதை. வாயைத் திறந்து அதைத்தான் தொடங்கினேன். அதற்குள் அவன் அன்ரியின் விலாவில் காலால் உதைத்தான். ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. அன்ரி “அம்மா” என்று முனகினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “விடு அவவை!” என்று கத்தினேன்.

“டொக்டர், கோவப்படாம கதைங்க,” என்று நஸ்லீம் பின்னால் மெல்லச் சொன்னான். யார் கேட்டது?

“ராகுலன், உன்ரை அம்மா ஒண்டும் போடேல்லை! உது முழுக்க உன்ரை வருத்தம். வருத்தம் உனக்குப் பொய் சொல்லுது!”

அவன் என்னைப் பார்த்தான். கோபப்படவில்லை. கவனமாகக் கேட்டான்.

“வருத்தமோ? வடிவாத் தெரியுமோ?”

“தெரியும்.”

“அப்ப என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணட்டும். பண்ணினா நான் இப்பவே கத்தியைத் தாறன்.”

அப்பாடா என்று இருந்தது எனக்கு. வெளியில் பொலிஸ்காரனின் றேடியோ கரகரத்தது. நேரம் இல்லை. “அன்ரி, சத்தியம் பண்ணுங்கோ! எல்லாம் முடிஞ்சுது, பண்ணுங்கோ!”

ராகுலன் தாய்க்கு முன்னால் முழங்காலிட்டுத் தலையைக் குனித்தான். கத்தி மட்டும் கழுத்தை விட்டு விலகவில்லை. அன்ரி கையைத் தூக்கினார். இரத்தம் பிசுபிசுத்த அந்தக் கை மகனுடைய தலைக்கு மேலே வந்து நின்றது. கீழே இறங்கவில்லை.

“அடியுங்கோ அன்ரி!”

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கியது. குடும்ப டொக்டருக்குப் பொய் சொல்லலாம். கிளினிக்குக்குச் சொல்லலாம். எனக்கும் சொல்லலாம். பெற்ற பிள்ளையின் தலையில் அடித்துப் பொய்ச் சத்தியம் செய்தால் அந்தப் பிள்ளை உயிரோடு தங்காது. கழுத்தில் கத்தி இருந்தபோதும் அந்தப் பயம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

“ஏலாது பிள்ளை,” என்றார். “நான் போட்டனான். நஞ்சில்லையடா ராசா, குளிசை. நீ போடமாட்டன் எண்டாய். இடிச்சுத் தேத்தண்ணிக்கை போட்டனான். நீ நல்லா இருக்கோணும் எண்டுதான் ஒவ்வொரு நாளும் போட்டனான்.”

ஐயோ, கடவுளே. அந்த மாதங்களின் அமைதி அதுதான். அவனுக்குத் தெரியாமல் அவனுக்குள் போன மருந்து. அந்த வீட்டில் உண்மை சொன்னது அவன் ஒருவன்தான். வருத்தம் என்று அவனுக்குச் சத்தம் போட்டுச் சொன்னது நான்.

ராகுலன் தாயின் மயிரை விட்டான். எழுந்தான். தாயைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்தான். நான் கையைத் தூக்கினேன், கத்தி முழங்கைக்குக் கீழே இறங்கி எலும்பில் இடித்து நின்றது. முதலில் வலிக்கவில்லை, சூடாகத்தான் இருந்தது. அவன் கத்தியை இழுத்தான். மறுபடி ஓங்கினான். நஸ்லீம் கதிரையைத் தூக்கி அவனுடைய நெஞ்சில் எறிந்துவிட்டு, அன்ரியைக் கக்கத்தில் பிடித்து வெளியே இழுத்தான். பொலிஸ் உள்ளே பாய்ந்தது.

“சுடாதை! சுடாதை!” என்று தமிழில் கத்திக்கொண்டு நான் குறுக்கே விழுந்தேன். ஒருவன் என் சட்டைக் கழுத்தைப் பிடித்து அப்பால் வீசினான். மற்றவன் ராகுலனின் மணிக்கட்டில் தடியால் அடித்தான். கத்தி அடுப்புக்குக் கீழே போனது. அவனுடைய முதுகில் பொலிஸின் இரண்டு முழங்கால்கள். தேத்தண்ணிக் கப் கவிழ்ந்து அவனுடைய முகத்துக்கு முன்னால் ஓடியது. சுடவில்லை. உயிரோடு கொண்டுவந்தார்கள். அன்ரியும் உயிரோடு போனார். விலா எலும்பில் இரண்டு முறிவு.

கீழே அம்புலன்ஸுக்குள் ஏற்றுமுன் ராகுலனை ஸ்ட்ரெச்சரில் கட்டி வைத்திருந்தார்கள். என் கையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த பெண்ணை விலக்கிவிட்டு அவனிடம் போனேன். முகம் வீங்கியிருந்தது. குரல் மட்டும் குழந்தைப் பிள்ளையின் குரல்போல இருந்தது.

“டொக்டர், அவ போட்டது உண்மைதானே?”

“ஓம் தம்பி. உண்மை. நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளு.”

அவன் ஸ்ட்ரெச்சரிலிருந்து தலையைத் தூக்கினான்.

“அப்ப சுவருக்குள்ளை இருந்து என்னைக் கொல்லக் கதைக்கிற ஆக்கள்? அவையளும் உண்மைதானே?”

“இல்லையடா தம்பி,” என்றேன். “அது வருத்தம்.”

குசினியில் சொன்ன அதே சொல். அவன் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்தான். பயந்துபோனான் என்பது முகத்தில் தெரிந்தது. கட்டியிருந்த கைகளை இழுத்துப் பார்த்தான்.

“நீங்களும் அவையளோடையோ?” என்று கேட்டான்.