ஐடெம்பொட்டென்ட் என்றொரு எழுத்துப்பிழை

அத்தானின் புத்தகக் கடையில் கொஞ்ச நாளாக யார் எதைக் கேட்டாலும் இரண்டிரண்டாகப் போய்க்கொண்டிருந்தது. கடையின் இணையதளத்தில் 'வாங்கு' என்ற பொத்தானை அமுக்கினால் பக்கம் சற்று நேரம் யோசிக்கும். பொறுமை இல்லாதவர்கள் இன்னொரு தரம் அமுக்குவார்கள். அவ்வளவுதான், இரண்டு பார்சல் கிளம்பிவிடும். குழந்தைக்குப் பெயர் வைக்கும் புத்தகம் வாங்கிய ஒரு கணக்கு டீச்சர் போன் செய்து, "ரெட்டைக் குழந்தைன்னு என் டாக்டருக்கே தெரியாதே, உங்களுக்கு யார் சொன்னா?" என்று கேட்டார்.

தளத்தைக் கட்டியவள் அத்தானின் மச்சினி. புரோகிராமில் போட வேண்டிய ஒரே ஓர் அரைப்புள்ளியை எங்கோ விட்டுவிட்டு, தொடங்கிய அன்றே தளத்தை மொத்தமாகப் படுக்க வைத்தவள் என்பதால் வீட்டில் அவளுக்கு அரைப்புள்ளி என்றே பெயர். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்த நல்ல வேலையை உதறிவிட்டு, இனிமேல் வெப் புரோகிராமிங்தான் என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்தவள். அவளுக்கு இதுவரை வாய்த்த வாடிக்கையாளர் ஒரே ஒருவர். அவரும் அக்காவைக் கட்டியவர்.

"திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணிடும்மா," என்றார் அத்தான். "இல்லேன்னா அந்தப் பெரிய கம்பெனிகிட்ட குடுத்துடுறேன். மனசுல ஒண்ணும் வச்சுக்காதே."

"ஜனங்க அவசரப்பட்டு ரெண்டு தடவை அமுக்கினா நான் என்ன அத்தான் பண்றது? நீங்களே லிஃப்ட் பொத்தானை எத்தனை தடவை குத்துறீங்க!"

"லிஃப்ட் ஒண்ணுதானே வருது?" என்றார் அவர்.

அத்தானும் கைநழுவிவிட்டால் மறுபடியும் பழைய நாற்காலி, பழைய மேனேஜர், 'நான் அப்பவே சொன்னேனே' என்கிற அவருடைய அந்தச் சிரிப்பு. அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது. தெரிந்த பாடமெல்லாம் பொத்தானை வைக்கிற வரைக்கும்தான். அதற்கு மேல் கற்றுக்கொள்ள ஒரு நல்ல புத்தகம் வேண்டும். நல்லவேளை, புத்தகக் கடைக்காரர் சொந்தக்காரர்.

கடையின் பின்பக்கம், அட்டைப்பெட்டிகளும் ஒட்டுநாடாவும் கிடக்கிற மேஜைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் புத்தகங்களின் அலமாரி. அக்கா அங்கேதான் பார்சல் கட்டிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு எதையும் ஒரு தடவை சொல்லி வழக்கமில்லை. "வா வா," என்றாள். "பாத்து எடு, பாத்து எடு. அடுக்கைக் கலைச்சே, உங்க அத்தான் என்னைத்தான் கத்துவார்."

முதலில் எடுத்தது தலையணைக்கு ஆகும். அதில் முதல் முந்நூறு பக்கமும் 'இணையம் என்றால் என்ன' என்றே போனது. அது தெரியாமலா இத்தனை நாள் குப்பை கொட்டினோம் என்று இருந்த இடத்திலேயே செருகினாள். இரண்டாவது வழவழவென்று, பக்கத்துக்குப் பக்கம் கலர் படம். மூன்றாவது சாம்பல் அட்டை. படம் கிடையாது, சிரிப்பு கிடையாது, ஆனால் ஆர்டர் வாங்குகிற பக்கங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் இருந்தது. ஆவலாகப் படிக்க ஆரம்பித்தவள் நாலாவது வரியில் நின்றாள்.

'பணம் செலுத்தும் ரெக்வெஸ்ட் எப்போதும் ஐடெம்பொட்டென்ட்டாக இருக்க வேண்டும்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. இம்பார்ட்டென்ட் என்று இருக்க வேண்டிய இடம். அடுத்த பத்தியிலும் அதே பிழை. பக்கத்தைப் புரட்டினால் தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் அதே பிழை. அரைப்புள்ளிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தன்னைப் போய்க் கிண்டல் பண்ணுகிறார்களே, இங்கே ஒரு வார்த்தையையே ஒழுங்காக அடிக்கத் தெரியாதவன் புத்தகம் போட்டிருக்கிறான்!

"அத்தான், இங்க வாங்க. உங்க தலையில எதைக் கட்டியிருக்காங்க பாருங்க!"

அத்தான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். அவருக்கு நாவல் தெரியும், ஜோசியம் தெரியும், இது தெரியாது. மச்சினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார். அந்தச் சாம்பல் புத்தகங்கள் மொத்தத்தையும் பெட்டியில் போட்டு, மேலே 'அச்சுப்பிழை, திருப்பி அனுப்புக' என்று எழுதி, சனிக்கிழமை கூரியருக்கென்று எடுத்து வைத்தார். "இதுக்குத்தான் படிச்ச ஆளு ஒண்ணு வீட்டுல வேணும்," என்று அக்காவிடம் பெருமையாகவும் சொன்னார். அரைப்புள்ளிக்குத் தலைகால் புரியவில்லை.

வழவழப் புத்தகத்தோடு வீட்டுக்குப் போனாள். அதில் சொன்னபடி, ஒரு தரம் அமுக்கியதும் பொத்தான் மங்கிப்போகிற மாதிரி செய்தாள். ஒரு நாள் முழுக்க ஒழுங்காக ஓடியது. மறுநாள் யாரோ ஒரு புண்ணியவான், பொத்தான் மங்கிவிட்டதே என்று பக்கத்தையே புதுப்பித்துவிட்டார். மறுபடியும் இரண்டு பார்சல்.

சனிக்கிழமை காலை, பதறிப்போய் வழவழப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் வரை புரட்டினாள். அங்கே ஓர் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது: 'பொத்தானை மங்க வைப்பது மட்டும் போதாது; ரெக்வெஸ்ட் ஐடெம்பொட்டென்ட்டாக இருக்க வேண்டும்.'

அவளுக்குப் பகீர் என்றது. ஒரே எழுத்துப்பிழை இரண்டு வேறு அச்சகத்தில் எப்படி வரும்?

அகராதியைத் திறந்தாள். ஒரு காரியத்தை எத்தனை தரம் செய்தாலும் ஒரே தரம் செய்ததற்கான பலனே கிடைக்குமானால், அதுதான் ஐடெம்பொட்டென்ட். படித்தாள், புரியவில்லை. ஆனால் சாம்பல் புத்தகப் பெட்டி இன்று கிளம்புகிறது என்பது நன்றாகப் புரிந்தது. கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

"உக்காரு உக்காரு," என்றாள் அக்கா. "ஏன் இப்படி மூச்சு வாங்குது? தண்ணி குடி, தண்ணி குடி."

அரைப்புள்ளி உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். டம்ளரை வைக்கப் போன கை அந்தரத்தில் நின்றது. அக்கா 'உக்காரு' என்று இரண்டு தடவை சொன்னாள். நான் ஒரு தடவைதானே உட்கார்ந்தேன்?

வெளியே கூரியர்காரர் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இறக்குங்க!" என்று கத்திக்கொண்டே ஓடிப் பெட்டியைப் பிடித்தாள். அத்தான் ஓடி வந்தார். கன்னமெல்லாம் சூடேறியது அவளுக்கு. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த மனுஷன் தன்னை நம்பிப் பெட்டி மேல் எழுதிய எழுத்து கண் முன்னால் இருந்தது.

"அத்தான், அது எழுத்துப்பிழை இல்ல. அப்படி ஒரு வார்த்தை இருக்கு. எனக்குத்தான் தெரியல. தளத்துல இருக்கிற தப்பும் ஜனங்க மேல இல்ல, என் மேலதான்."

அத்தான் அவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "அப்போ அதுக்கு என்னதான் அர்த்தம்?"

"அக்கா 'சாப்பிடுங்க சாப்பிடுங்க'ன்னு சொன்னா, ரெண்டு தடவையா சாப்பிடுறீங்க?"

"ஆமாம்," என்றார் அத்தான், தொந்தியைத் தடவிக்கொண்டே.

கூரியர்காரர் சிரித்துவிட்டார். பெட்டி இறங்கியது.

இரண்டு நாளும் சாம்பல் புத்தகமும் அவளுமாக இருந்தார்கள். வழி ஒன்றும் பிரமாதமில்லை. ஒருவர் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்த ஆர்டருக்கென்று ஒரு டோக்கன் எண் கொடுத்துவிட வேண்டும். அதே டோக்கன் மறுபடி வந்தால், 'உங்க ஆர்டர்தான் ஏற்கனவே வந்துவிட்டதே' என்று மரியாதையாகச் சொல்லி அனுப்ப வேண்டும். எழுதினாள், அழித்தாள், திரும்ப எழுதினாள். அரைப்புள்ளிகளை மட்டும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்தாள்.

திங்கட்கிழமை அத்தானே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். சாம்பல் புத்தகத்தையே தேர்ந்தெடுத்து, லிஃப்டுக்குக் காத்திருக்கிற ஆவேசத்தோடு பொத்தானைக் குத்தோ குத்தென்று குத்தினார். பக்கத்தைப் புதுப்பித்தார். பின்னால் போய் முன்னால் வந்து மறுபடியும் குத்தினார். அரைப்புள்ளி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். பார்சல் மேஜையில் இருந்த பிரிண்டர் கர்ரென்று ஒரு சீட்டைத் துப்பியது. எல்லோரும் காத்திருந்தார்கள். இன்னொரு சீட்டு வரவில்லை.

அத்தான் போனை எடுத்து அந்தப் பெரிய கம்பெனியைக் கூப்பிட்டார். "வேண்டாங்க, வேண்டாங்க. எங்க வீட்டுப் பொண்ணே பாத்துக்குவா." பிறகு அவள் பக்கம் திரும்பினார். பை தோளில், புறப்படத் தயாராக நின்றுகொண்டிருந்தாள்.

"இரும்மா, இரு," என்றார்.

அவள் பையை இறக்கி வைத்தாள், ஒரே ஒரு தடவை.