ஒட்டகம் வெள்ளையில்தான் போகும்

ஏற்காடு பஸ் நிலையத்துக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருந்த அமீர் ஜான், எண்பத்தைந்தாம் வருடத் தை மாதத்தில் பாதிக்கு மேல் தரையைத் தொடாமல் இருந்தார். கடை வழக்கம்போல் திறந்திருந்தது. பட்டாணி விலை கொஞ்சம் ஏறியிருந்தது.

உலக செஸ் பட்டத்துக்காக எங்கோ பனி கொட்டும் ஊரில் இரண்டு பேர் மாதக்கணக்கில் மோதிக்கொண்டிருந்தார்கள். பெயர்கள் வாயில் நுழையாததால், பட்டம் வைத்திருந்தவரைப் பெரிய துரை என்றும் பறிக்க வந்தவரைச் சின்ன துரை என்றும் அமீர் ஜான் அழைத்தார். சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் பேப்பர் வரும். சாயங்காலம் வாடகை மைக்கைப் பிடித்து, முந்தாநாள் முடிந்த ஆட்டத்தை இப்போதுதான் கண்ணெதிரே நடப்பதுபோல் வர்ணிப்பார். தலைச்சோலையிலும் கரடியூரிலும் காப்பிப் பழம் பறித்துவிட்டு வருகிறவர்கள் கடலைப் பொட்டலத்தோடு நின்று கேட்பார்கள். பாதிப் பேருக்கு ஆட்டமே தெரியாது. ஆனாலும் சின்ன துரை யோசிக்கிறார் என்று அவர் குரலைத் தாழ்த்தினால் கடலை மெல்லும் சத்தம் நின்றுவிடும். நின்ற கட்டத்தின் நிறம் மாறாமல் கோணலாகவே போகும் காயை ஆரம்பத்தில் பிஷப் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் பிஷப்பை வெட்டிவிட்டார்கள் என்று மைக்கில் அறிவிக்க, சந்தைக்கு வந்திருந்த மரியபுஷ்பம் கூடையைப் போட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினாள். துக்க மணி அடித்து, ஒரு எஸ்டேட்டில் அரைநாள் லீவும் விட்டாகிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் காய்க்கு ஒட்டகம் என்று பெயர்.

முடியாத ஆட்டத்தை மறுநாளுக்கு ஒத்திவைப்பது அந்தக் காலத்து வழக்கம். அப்போதெல்லாம் அமீர் ஜான், ஆட்டம் அந்தரத்தில் நிற்கிறது என்று வர்ணனையை முடிப்பார். சொன்ன மாத்திரத்தில் அவரும் முழங்கால் உயரம் எழும்பி அந்தரத்தில் நிற்பார். ஆட்டம் முடிந்த செய்தி வந்ததும் இறங்கிவிடுவார். மேல்தட்டு சோப்புக் கட்டிகளை எடுக்க அது வசதி என்பதால் கடையில் ஏணி கிடையாது. அவர் மனைவி பாத்திமா ஒட்டடை அடிக்கும் வேலையை அந்த நாட்களுக்கென்றே எடுத்துவைப்பாள்.

அந்தத் தையில் ஒத்திவைத்த ஆட்டம் மறுநாள் நடக்கவில்லை. பெரிய துரைக்குப் பல்வலி. பல் சரியானபோது சின்ன துரை நாற்காலி சரியில்லை என்றார். நாற்காலி வந்தபோது மண்டபத்தில் மின்சாரம் போயிற்று. ஒவ்வொரு தடங்கலுக்கும் அமீர் ஜான் ஒரு சாண் ஏறி, கடைசியில் அவர் தலை கூரை ஓட்டில் இடித்தது. மகள் ஜமீலாவின் நிக்காஹ் வெள்ளிக்கிழமை. சேலத்துச் சம்பந்தி பக்கீர் முகமது வந்து அண்ணாந்து பார்த்தார், டீ குடித்தார். மிதப்பதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை.

"ஏனுங்க, எங்க பையன் கழுத்தை ஒடிச்சு மேல பாத்துக்கிட்டா மாமனாருக்குக் கை குடுப்பான்? எதிர்ல பாயில உக்காந்து கட்டிக் குடுங்க. முடியலீன்னா நோன்பு கழிச்சுப் பாத்துக்கலாமுங்க."

கழித்துப் பார்ப்பது என்றால் வேறு பெண் பார்ப்பது என்று பாத்திமாவுக்குத் தெரியும். ஜமீலாவுக்கும் மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் பெரியநாயகம் அமீர் ஜானின் சிநேகிதர், ஆனால் பெரிய துரை கட்சி. அவர் ஒரு மிளகு மூட்டையைக் கொண்டுவந்து நண்பரின் காலில் கட்டினார். மூட்டையும் சேர்ந்து மேலே போயிற்று. ஆட்டம் முடிந்துவிட்டதாகச் சொல்லிப் பார்க்கலாமே என்றார். அமீர் ஜான் மைக்கை வாங்கி, சின்ன துரை ஜெயித்துவிட்டார் என்று அறிவித்தார். உடனே இன்னொரு சாண் ஏறினார். ஓடு ஒன்று பெயர்ந்து, வானம் தெரிந்தது. பொய் சொன்னால் உயரம் கூடும் என்பது அன்றைக்குத்தான் தெரியவந்தது.

ஆட்டம் நின்ற முதல் நாளிலிருந்து அமீர் ஜான் சொல்லிவந்தது இதுதான்: சின்ன துரையிடம் ஒரு ஒட்டகமும் ஓரத்துச் சிப்பாய் ஒன்றும் கூடுதல், மற்றதெல்லாம் வெட்டுப்பட்டாலும் அந்தச் சிப்பாய் கடைசிக் கட்டத்தில் ஏறி மந்திரியாகிவிடும். கூட்டம் கை தட்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, சம்பந்தி வீட்டு வேன் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தபோது, மருதாணிக் கையோடு ஜமீலா கடைக்குள் வந்து அவருக்குக் கீழே நின்றாள்.

"அத்தா, அந்த ஒட்டகம் வெள்ளைக் கட்டத்துலதானுங்க போவும்?"

"ஆமாங் கண்ணு."

"சிப்பாய் போய்ச் சேர்ற மூலை என்ன நெறமுங்க?"

அமீர் ஜான் பெயர்ந்த ஓட்டின் வழியே வானத்தைப் பார்த்தார்.

"கறுப்புதானுங்களே. பெரிய துரையோட ராசா அந்த மூலையில போய்க் குந்திக்கிட்டா, உங்க ஒட்டகம் எப்பிடி எழுப்புமுங்க? உங்களுக்கு மொத நாளே தெரியுந்தானுங்களே?"

தெரியும். முதல் நாளே பார்த்துவிட்டு, மூலையின் நிறத்தை மட்டும் மைக்கில் சொல்லாமல் விட்டிருந்தார். சின்ன துரையின் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.

"மைக்கைக் குடு கண்ணு," என்றார்.

ஏரிக்கரை வரை கேட்டது. "ஒட்டகம் வெள்ளைங்க. மூலை கறுப்புங்க." முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டார். அதற்குமேல் இறங்கவில்லை. பிறகு, "சமந்தானுங்க. சின்ன துரையால நொம்பப் பாடுபட்டாலும் ஜெயிக்க முடியாதுங்க," என்றார். பாதம் சிமெண்டுத் தரையில் பட்டது. தரை சில்லென்றிருக்கிறது, செருப்பைக் கொண்டு வா என்றார். பெரிய துரை தப்பியதற்குப் பெரியநாயகம் தட்டுவதற்கென்று எடுத்த கையை, சம்பந்தி வேனிலிருந்து இறங்குவதைப் பார்த்து, அப்படியே கும்பிடாக மாற்றிக்கொண்டார்.

அமீர் ஜான் பாயில் உட்கார்ந்து மகளைக் கட்டிக் கொடுத்தார். பிரியாணியில் உப்பு சற்றுத் தூக்கல். மறுநாள் பேப்பரில், துரைகள் இருவரும் ஒரு காயைக்கூடத் தொடாமல் சமம் என்று கைகுலுக்கிவிட்டதாகவும், நிபுணர்களுக்குக் காரணம் விளங்கவில்லை என்றும் போட்டிருந்தது. காரணம் ஏற்காட்டில் எல்லோருக்கும் விளங்கியது.

அதற்குப் பிறகும் எத்தனையோ பட்டப் போட்டிகள் வந்தன. ஆட்டம் நின்றால் ஏறுவார், முடிந்தால் இறங்குவார்; மூலையின் நிறத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுவார். ஜமீலாவின் பிள்ளைகள் லீவுக்கு வந்தால், அவர் காலைப் பிடித்துத் தொங்கி விளையாடுவார்கள். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வந்து, ஆட்டங்களை ஒத்திவைக்கும் வழக்கத்தையே நிறுத்திவிட்டார்கள். அமீர் ஜான் ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் சேலம் போய், பஸ் கூரையில் கட்டி, ஒரு ஏணி வாங்கிவந்தார்.