காசியம்மாள் எழுதிய இரண்டு தாள்

காசியம்மாளுக்கு அறுபத்து மூன்றாவது வயதில் பரீட்சை வந்தது. கல்யாணம் வந்தபோதுகூட அவள் இவ்வளவு ஆட்டம் போடவில்லை. கல்யாணத்தில் என்ன பெரிய வேலை, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் மற்றதை ஐயர் பார்த்துக்கொள்வார். பரீட்சை அப்படியா? கேட்ட கேள்விக்கெல்லாம் நாமே பதில் எழுதித் தொலைக்க வேண்டுமே!

இண்டூருக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். அங்கன்வாடிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும், சாயங்காலம் நாலு மணிக்கு அதே கட்டடத்தில் முதியோர் வகுப்பு நடந்தது. ஆண்களையும்தான் கூப்பிட்டார்கள். எங்களுக்குத் தெரியாததா என்று அவர்கள் டீக்கடை பெஞ்சைவிட்டு நகரவில்லை. பெண்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். முதல் நாள் காசியம்மாள் ஆசையாக ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். டீச்சர் பெயரைக் கேட்டதும் மரியாதையாக எழுந்தாள், நாற்காலியும் கூடவே எழுந்து வந்தது. பதினொரு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் அன்றைக்குப் பாடமே நடக்கவில்லை. மறுநாளிலிருந்து எல்லாரும் தரையில் பாய் போட்டுக்கொண்டார்கள்.

டீச்சர் சோபனா அந்த ஊருக்கு மருமகளாக வந்த பெண், இருபத்தாறு வயது. யார் எதை எழுதிக் காட்டினாலும் "வெரி குட்" என்பாள். காசியம்மாள் பிறந்ததிலிருந்து களை எடுத்திருக்கிறாள், மாடு கறந்திருக்கிறாள், மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்திருக்கிறாள். ஒருத்தராவது ஒரு நாளாவது வெரி குட் என்று சொன்னதுண்டா? 'அ' எழுதியதற்குச் சொன்னார்கள். அன்றைக்கு அவள் வீடு வரைக்கும் நடந்து போனாளா பறந்து போனாளா என்று அவளுக்கே தெரியாது.

ஆறே மாதத்தில் படிக்கக் கற்றுக்கொண்டாள். அதோடு ஊருக்குப் பிடித்தது சனி. கண்ணில் பட்டதையெல்லாம் உரக்கப் படித்தாள். சோப்பு உறை, உர மூட்டை, கரண்ட் மீட்டர் பெட்டி, சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி, ஒன்றையும் விடவில்லை. பென்னாகரம் பஸ்ஸின் பலகையைப் படித்துவிட்டு, "பென்னாகரம் போகுதுங்க, ஏறுங்க ஏறுங்க" என்று தினமும் அதிலேயே போகிறவர்களிடம் சொன்னாள். பாப்பிரெட்டிப்பட்டி மட்டும் கொஞ்சம் கஷ்டம். அதைப் படித்து முடிப்பதற்குள் பஸ் வளைவு தாண்டிவிடும்.

இதெல்லாம் அவள் வீட்டுக்காரர் பச்சியப்பனுக்குப் பொறுக்கவில்லை. மனிதருக்கு ஆறு மணிக்குக் களி தட்டில் இருக்க வேண்டும். ஆவி பறக்க வேண்டும், தொட்டால் விரல் சுட வேண்டும். இவளோ மத்தியானமே கிண்டி மூடிவைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விடுகிறாள்.

ஒரு நாள் சென்னப்பனின் டீக்கடை முன்னால், நாலு பேர் இருக்கும்போது பிடித்துக்கொண்டார்.

"ஆறிப்போன களிய செவுத்துல அடிச்சா திரும்பி எங்கிட்டயே வருது. இந்த வயசுல ஒனக்கு என்னாத்துக்குப் படிப்பு? அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா?"

"அறுவத்து மூணுல வளையுதுங்க. பாத்துக்கிட்டே இருங்க. அடுத்த ஞாயித்துக்கெழம பரீட்ச, பாஸாயிக் காட்டறேன்."

"நீயா? கிழிச்ச!"

"பந்தயம் கட்டுவீங்களா?"

டீக்கடை மொத்தமும் இந்தப் பக்கம் திரும்பியது. வெறும் வாய்க்கு அவல் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? சென்னப்பன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"கட்டறேன்டி! நீ பாஸாயிட்டா இன்னும் பத்து வருசம் படி, ஒரு வார்த்த கேக்க மாட்டேன். பெயிலாயிட்டா நாலு மணிக்கு மேல வூட்டு வாசப்படிய நீ தாண்டக் கூடாது. சரியா?"

"சரிங்க."

பளாரென்று கையடித்துக் கொடுத்தாள். கையடித்துக் கொடுத்தால் எங்கள் பக்கத்தில் பத்திரம் பதிந்த மாதிரி, பின்வாங்க முடியாது. வீட்டுக்கு வரும் வழியில்தான் காசியம்மாளுக்கு என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. வகுப்பு இல்லாமல் ஒரு சாயங்காலத்தை நினைத்துப் பார்த்தாள். அதை அவளால் தாங்க முடியாது. வாய் இருக்கிறதே, இந்தப் பாழும் வாய்!

ஞாயிற்றுக்கிழமை ஊர் ஆரம்பப் பள்ளியில் பரீட்சை. பன்னிரண்டு பேரும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பட்டும் பூவுமாக வந்தார்கள். மாரியம்மன் கோவிலில் சூடம் கொளுத்தியாயிற்று. லூர்துமேரி சிலுவை போட்டுக்கொண்டு, மற்ற பதினொரு பேருக்கும் சேர்த்து ஜெபித்தாள். எழுபது வயது ராமக்கா எதற்கும் இருக்கட்டும் என்று இடுப்பில் ஓர் எலுமிச்சம்பழம் செருகியிருந்தாள். தருமபுரியிலிருந்து வந்திருந்த கண்காணிப்பாளர் இவர்களைப் பார்த்து, மண்டபம் எது பள்ளிக்கூடம் எது என்று ஒரு நிமிடம் திகைத்துப் போனார். பிறகு விதிகளைச் சொன்னார்.

"யாரும் பேசக் கூடாது. அடுத்தவங்க தாளைப் பாத்து எழுதக் கூடாது. புரிஞ்சுதாங்கம்மா?"

"புரிஞ்சுதுங்க சார்!" கூரை அதிர்ந்தது.

தாளைப் புரட்டியதும் காசியம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் தெரிந்த கேள்வி! ஊர்ப் பெயரா, இதோ. ஐந்து பழத்தின் பெயரா, ஏழாகவே எழுதினாள். கூட்டல், கழித்தல், ஆறு வரி படித்துப் பதில், விறுவிறுவென்று ஓடியது. ஒரு மணி நேரத்தில் கடைசிப் பக்கமும் முடிந்தது. இரண்டு தரம் சரிபார்த்தாள். ஒரு தப்புகூட இல்லை. பச்சியப்பனின் முகம் போகிற போக்கை நினைத்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பிறகு வழக்கம்போலத் தலையைத் தூக்கி, யார் பின்னால் இருக்கிறார்கள் என்று பார்த்தாள்.

வழக்கம் என்றது பரீட்சை வழக்கமல்ல, காட்டு வழக்கம். நிலக்கடலைக் காட்டில் களை எடுக்கும்போது ஆளுக்கு ஒரு நிரை பிடித்துக்கொண்டு போவார்கள். தன் நிரையை முதலில் முடித்தவள் வரப்பில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்துவிட மாட்டாள். உட்கார்ந்தால் ஊர் காறித் துப்பும். பின்தங்கியவளின் நிரையில் எதிர்முனையிலிருந்து இறங்கி எடுத்துக்கொண்டே வருவாள். இரண்டு பேரும் நடுவில் முட்டிக்கொண்டதும் நிரை முடியும். எல்லாரும் ஒன்றாகத்தான் கரை ஏறுவார்கள். ஐம்பது வருடமாக அந்தப் பெண்கள் அப்படித்தான் வேலை செய்திருக்கிறார்கள்.

பின்தங்கியிருந்தது ராமக்கா. ஒவ்வோர் எழுத்தையும் கோலம் போடுவது போல நிறுத்தி நிதானமாகப் போட்டுக்கொண்டு இன்னும் மூன்றாம் பக்கத்திலேயே இருந்தாள். கண்காணிப்பாளர் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். காசியம்மாள் எழுந்து போய் ராமக்காவின் பெஞ்சில் மறுகோடியில் உட்கார்ந்தாள். பேசக் கூடாது என்றாரே, பேசவில்லை. பார்க்கக் கூடாது என்றாரே, ராமக்கா எழுதிய பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்தத் தாள்கள் தனித்தனியாக இருந்தது வசதியாகப் போயிற்று. கடைசித் தாளை உருவி, கடைசிக் கேள்வியிலிருந்து முன்னோக்கி எழுதிக்கொண்டு வந்தாள். குனிந்த தலை நிமிராத ராமக்காவுக்கு இது தெரியவே தெரியாது.

அந்தப் பக்கம் லூர்துமேரியும் முடித்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடுத்தது யார் என்று எழுந்து நின்றாள். அப்போது கண்காணிப்பாளர் திரும்பினார்.

"என்னம்மா பண்றீங்க அங்க?"

"எழுதறேனுங்க சார்."

"உங்க தாள் எங்க?"

"அது முடிஞ்சு ரொம்ப நேரமாச்சுங்களே."

"முடிஞ்சா குடுத்துட்டு வெளிய போகணும்மா!"

காசியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பார்த்தால் படித்த மனிதர். "அதெப்படிங்க சார்? ராமக்கா இன்னும் பாதியில நிக்குது. இத அம்போன்னு வுட்டுட்டு நாங்க மட்டும் எப்படிப் போறது?"

"அடுத்தவங்க தாளைப் பாத்து எழுதக் கூடாதுன்னு சொன்னனா இல்லையா?"

"நான் எங்கீங்க பாத்தேன்? எனக்குத் தெரிஞ்சத அவங்களுக்கு எழுதறேன். அடுத்தவங்க தாளுல எழுதக் கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே."

"ஆமாங்க சார், சொல்லலீங்க" என்று பத்துப் பேர் சாட்சி சொன்னார்கள். கண்காணிப்பாளர் உதட்டைக் கடித்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. நல்ல மனிதர்தான், ஆனால் விதி விதிதானே. திரும்பியபோது முகத்தை நேராக்கிக்கொண்டார். ராமக்கா கேட்காததால் அவளுக்குப் புதுத் தாள் உண்டு, ஐந்து மணி வரை எழுதலாம். எழுதிக் கொடுத்தவரின் தாள் செல்லாது. ஆறு மாதம் கழித்து மறுபடியும் எழுதலாம்.

சோபனா ஓடிவந்து கெஞ்சினாள். பலிக்கவில்லை. ராமக்கா பேனாவை வைத்துவிட்டாள்.

"காசிது செல்லாதுன்னா என்னுதும் வேண்டாம். நானும் எந்திரிக்கறேன்."

"நீ எந்திரிச்சியோ, நான் கொன்னே போடுவேன்!" காசியம்மாள் கத்தினாள். "வாய மூடிக்கிட்டு எழுதுக்கா!"

சொல்லிவிட்டு வெளியே போய்க் கொடிக்கம்பத்து மேடையில் உட்கார்ந்து அழுதாள். ஒரு தப்பும் இல்லாத தாள்! நாலு மணிக்கு மேல் வாசல்படி தாண்டக் கூடாது! மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். ஆனால் ராமக்காவின் தாளில் எழுதியது தப்பு என்று அவள் மனசு அப்போதும் சொல்லவில்லை.

பச்சியப்பனுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "அடுத்தவ பரீட்சய எழுதப் போயி ஒம்பரீட்சய வுட்டுட்டியேடி! இந்தக் கூத்து எங்கனா உண்டா?" என்று டீக்கடையில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார்.

காசியம்மாள் வாக்குத் தவறவில்லை. திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் ஆறு மணிக்குக் களி ஆவி பறந்தது. ஆனால் அவள் சோப்பு உறையைப் படிக்கவில்லை, பஸ் சத்தம் கேட்டும் எட்டிப் பார்க்கவில்லை. நாலு மணியானால் வாசல்படிக்கு உள்பக்கம் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அங்கன்வாடி இருக்கும் திசையைப் பார்த்தாள். பச்சியப்பன் களியை வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாக் கீது" என்றார். அவள் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டுப் போனாள். ஜெயித்தவருக்கு ஏனோ களி இறங்கவில்லை.

வியாழக்கிழமை நாலு மணிக்குத் தெருவில் ஒரே சத்தம். பதினொரு பெண்கள், பதினொரு பாய்கள். முன்னால் ராமக்கா, பின்னால் கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு சோபனா. கேட்காமல் கொள்ளாமல் வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்து, களம் மாதிரி அகலமாக இருந்த கூடத்தில் பாயை விரித்தார்கள்.

"என்னா இது? என்னா அக்குறும்பு இது?" பச்சியப்பன் குதித்தார். "பந்தயத்துல தோத்தது அவ!"

ராமக்கா அசையவில்லை. "யாரு இல்லைன்னது? காசி வூட்டுலதானே இருக்குது. படிய தாண்டுச்சா?"

வேடிக்கை பார்க்கக் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்திருந்த சென்னப்பனைப் பஞ்சாயத்துக்கு இழுத்தார் பச்சியப்பன். சென்னப்பன் தாடையைத் தடவினார்.

"தாண்டக் கூடாதுன்னு நீங்க சொன்னது காசியக்காவத்தான், மாமா. இவங்களச் சொல்லலீங்களே. எங்காதால கேட்டேன்."

"எத்தன நாளைக்குடா இந்தக் கச்சேரி?"

"ஆறு மாசம்" என்றாள் ராமக்கா. "காசி எழுதி முடிக்கற வரைக்கும் நாங்க யாரும் எந்திரிக்க மாட்டோம்."

காசியம்மாள் அழுதாளா சிரித்தாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ராமக்காவை இடித்துத் தள்ளி இடம் பிடித்தாள். சோபனா வருகைப் பதிவை எடுத்தாள். "காசியம்மாள்" என்று கூப்பிட்டதற்கு "இருக்கறேனுங்க டீச்சர்!" என்று அவள் போட்ட கூச்சலில் கட்டியிருந்த மாடு மிரண்டது.

பாடம் ஓடியது. சிரிப்பும் ஓடியது. ஐந்தாயிற்று, ஐந்தரையாயிற்று, ஆறும் ஆயிற்று. பச்சியப்பன் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார், கனைத்தார், வயிற்றைத் தடவினார். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனார். பானை உருண்டது. அடுப்பு புகைந்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது, கொஞ்சம் இறங்கிய குரல்.

"ஏ காசி, அரப்படி மாவுக்குத் தண்ணி எவ்ளோ?"

பதினொரு பெண்களும் ஒரே நேரத்தில் பதினொரு கணக்குச் சொன்னார்கள். உள்ளே கரண்டி ஒன்று விழுந்தது. காசியம்மாளுக்குக் கை பரபரத்தது. சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். ராமக்கா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"உக்காருடி. அது அவரு பரீட்ச. அவரே எழுதட்டும்."