செட்டை காயும்வரை

"மருமகன், இந்தக் காரக் கொஞ்சம் வெளிய எடுங்க. குளிப்பாட்ட இடம் வேணும்" என்று சொல்லி ஆதம்பாவா சாவியை றிபாத்தின் கையில் திணித்தார். அவர் காலையில் மௌத்தாகிப்போன மாமாவின் தம்பி. சொல்லிவிட்டு அவர் தண்ணீர் ட்ரம்மைத் தேடிப் போய்விட்டார். சாவியோடு போர்ட்டிக்கோவுக்கு வந்த றிபாத் காரின் கதவைத் திறக்காமல் அதன் பின்பக்கத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டான்.

டிக்கியின் மேல் ஸ்பொய்லர் ஏறியிருந்தது.

இரண்டு மாதமாக அலுமாரிக்கு மேல், வந்த பெட்டிக்குள்ளேயே கிடந்த, இறக்கை மாதிரியான அதே கறுப்பு ஸ்பொய்லர். அதை அசையவிடாமல் மாஸ்கிங் டேப்பை நாலைந்து வரிசையாக இழுத்து ஒட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஜனாஸாவோடு வந்து இறங்கியபோது சனக்கூட்டத்தில் இது அவன் கண்ணில் படவேயில்லை.

உள்ளே ஹோலில் மாமா ஸைனுலாப்தீன் வெள்ளைத் துணிக்குக் கீழே கிடந்தார். பக்கத்தில் மாமியும் மனைவி மர்ஷூதாவும் ஓதிக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்தில் ஒரு மருமகனுக்கு என்ன தோன்ற வேண்டுமோ அது தோன்றாமல், இதை யார் பூட்டினது, பசையா போல்ட்டா என்பதுதான் றிபாத்தின் மண்டைக்குள் ஓடியது. அதற்காக அவனுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டும் அந்தக் கேள்வி அவனை விடவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. சாய்ந்தமருதில் மற்ற மாப்பிள்ளைமாரைப் போல அவனும் மனைவியின் வீட்டுக்கு வந்து குடியிருப்பவன். வீடு மாமா கட்டியது. கட்டில், அலுமாரி, தினமும் சாப்பிடுகிற கோப்பைகூட அவர்கள் பக்கத்துச் சாமான். கார், மாமா பஸ் டிப்போவில் ட்ரைவராக இருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த காசில் வாங்கியது. யாரும் அவனை ஒரு சொல் குறைவாகப் பேசியதில்லை. ஆனாலும் இந்த வீட்டில் தன் கையால் வைத்த ஒரு பொருள் இருக்கவேண்டும் என்று அவனுக்கு ஓர் ஆசை. கொழும்பிலிருந்து ஸ்பொய்லரை வரவழைத்தது அந்த ஆசையில்தான்.

பெட்டியைப் பிரித்த அன்று மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தச் செட்டையால என்ன பிரயோசனம் மருமகன்?"

றிபாத் விஞ்ஞான ஆசிரியன். கார் வேகமாக ஓடும்போது காற்று அதைத் தூக்கப் பார்க்கும், இது கீழே அழுத்திப் பிடிக்கும் என்று கையால் காட்டி விளக்கினான்.

"கல்முனைக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையில எங்க வெச்சி நீங்க அப்பிடி ஓடப்போறீங்க?"

மர்ஷூதா சிரித்துவிட்டாள். அவனும் சிரித்திருக்கலாம். ட்ரில்லை எடுத்துக்கொண்டு வந்தபோதுதான் காரியம் கெட்டது. மாமா டிக்கியின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டு, "கடக்காத்துல ஒரு ஓட்ட போட்டாக் காணும், ஒரு வருசத்துல துரு தின்றும். என்ட காருல ஓட்ட போட ஏலா" என்றார்.

துருவைப் பற்றி அவர் சொன்னது சரி. அது றிபாத்துக்கும் தெரியும். அந்த "என்ட கார்" என்ற சொல்தான் தொண்டையில் முள்ளாக நின்றது. மறுநாளிலிருந்து அவன் பள்ளிக்கூடத்துக்குக் காரை விட்டுவிட்டுத் தன் பழைய மோட்டார்சைக்கிளில் போனான். மழையிலும் போனான். மாமாவும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. இரண்டு பேரும் ஸலாம் சொல்வார்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

இப்போது அவன் குனிந்து பார்த்தான். ஜன்னல் திட்டில் ஸ்பொய்லரோடு வந்த போல்ட் பொட்டலம் பிரிக்கப்படாமல் இருந்தது. அப்படியென்றால் பசை. ஓரத்தில் கறுப்பாகப் பிதுங்கி நின்றதை விரலால் தொட்டான். மேலே தோல் பிடித்திருந்தது, உள்ளே இன்னும் மெத்தென்று இருந்தது. பிறகுதான் இன்னொன்றைக் கண்டான். ஸ்பொய்லர் பின்னால் பார்க்கவேண்டியது முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது. உயர்ந்த விளிம்பு பின் கண்ணாடியின் பக்கம். வளைவு பொருந்தாத இடங்களில் பசையை அள்ளி நிரப்பியிருந்தார்கள்.

"இன்னும் எடுக்கல்லியா மருமகன்?" என்று ஆதம்பாவா தண்ணீர்க் குழாயோடு திரும்பி வந்தார்.

"ஸ்டார்ட் பண்ண வேணாம் தம்பி."

குரல் கேற்றிலிருந்து வந்தது. சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு நல்லரெத்தினம் உள்ளே வந்தார். பாண்டிருப்புக்காரர். மாமாவின் பஸ்ஸில் கொழும்பு ஓட்டத்துக்கு நீண்ட காலம் கொண்டக்டராக இருந்தவர். அவருடைய சட்டையில் கறுப்புப் பசை தேய்ந்திருந்தது. முகம் அழுது வீங்கியிருந்தது.

"அது காயல்ல. இஞ்சின் அதிர்ந்தா நழுவிப்போகும். நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் அசைக்கப்போடாதெண்டு சைனுல் சொன்னவன்" என்றார்.

ஆதம்பாவாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மையத்து உள்ளுக்குக் கிடக்கு. பசை காயல்லியெண்டு இஞ்ச கதைக்கிறீங்களே."

நல்லரெத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். றிபாத் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"தள்ளி எடுப்பம் சின்ன மாமா. முன்னாலிருந்து தள்ளுங்க. டிக்கியில கை வெக்க வேணாம்."

சொன்ன பிறகு தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. வெளியில் நின்ற நாலு பேர் வந்து பொனற்றில் கை வைத்தார்கள். றிபாத் உள்ளே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தான். சீட் மாமாவின் அளவுக்கு முன்னால் இழுபட்டிருந்தது, முழங்கால் இடித்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் ஏறுகிறான். பின்னால் நல்லரெத்தினம் கையை உயர்த்திக்கொண்டு நின்றார்.

"வரட்டும்... வரட்டும்... ஒடிச்சி... ஆ, வரட்டும்..."

டிப்போவில் பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கும்போது சொல்வதைப் போலவே சொன்னார். கண்ணாடியில் பார்த்தால் திரும்பி நிற்கும் ஸ்பொய்லரும் அதற்கு மேலே அவர் கையும் மட்டும் தெரிந்தன. கார் வாசல் மேட்டில் ஏறி இறங்கியபோது ஒரு டேப் முனை கழன்று ஆடியது. ஸ்பொய்லர் அசையவில்லை.

இறங்கியதும் றிபாத் அவரைப் பிடித்துக்கொண்டான். "எப்ப பூட்டின நீங்க?"

"நீங்க பள்ளிக்கூடம் போன கையோட எனக்குப் போன்ல கோல் எடுத்தான். பஸ் முன்கண்ணாடி ஒட்டுற பசை டிப்போவில வாங்கி வெச்சிருந்திருக்கான். அவ்வளவு பெரிய கண்ணாடியப் புடிக்கிற பசை இந்தச் செட்டையப் புடிக்காதா எண்டான். நான் புடிச்சன், அவன் ஒட்டினான்."

"ஏன் திருப்பி ஒட்டின நீங்க?"

நல்லரெத்தினத்துக்கு அது புதிய செய்தி. காரை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். "திருப்பியா? காத்து முன்னால இருந்துதானே தம்பி வருது. பஸ் நெத்தியில இருக்கிற தட்டும் முன்னுக்குத்தானே பாக்கும். ரெண்டு பேரும் அரைமணித்தியாலம் யோசிச்சிப்போட்டுத்தான் வெச்சம்."

றிபாத்துக்குச் சிரிப்பு வந்தது. சாவு வீட்டின் வாசலில் நின்று சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தான். அதோடு கண்ணும் கலங்கிவிட்டது, எதற்கென்று அவனுக்கே பிடிபடவில்லை.

போர்ட்டிக்கோவைச் சுற்றிச் சேலைகளைக் கட்டி மறைத்தார்கள். குளிப்பாட்டுகிறவர்களோடு றிபாத்தும் உள்ளே நின்றான். தண்ணீர் ஊற்றிக் கை கால்களைத் தேய்க்கும்போது பள்ளிவாசல் லெப்பை, மாமாவின் வலது கையை உயர்த்திப் பார்த்தார். பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் கறுப்பாக ஒட்டியிருந்தது.

"இது என்ன? இது இரிந்தா தோலில தண்ணி படாதே. எடுக்கணும்."

சவர்க்காரத்துக்குப் போகவில்லை. நகத்தால் சுரண்டப் போனவரை றிபாத் தடுத்தான். "நான் எடுக்கிறன்" என்றான். தேங்காயெண்ணெய் கொண்டுவரச் சொல்லி, பஞ்சில் தொட்டு, அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தான். பசை இலேசில் விடுகிற சாதி இல்லை. விரல் ரேகைக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது. றிபாத் அவசரப்படவில்லை. மாமாவின் கையைக் கடைசியாகப் பிடித்தது நிக்காஹ் அன்று, பள்ளிவாசலில், எல்லோரும் பார்த்திருக்க. அன்று அந்தக் கை அவன் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. இன்று அவன்தான் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஏன் ஒட்டினார்? இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்த மனுசன், ஏன் திடீரென்று? அதைக் கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது அவனுக்கு. கேட்க முடிந்த ஒரே ஆள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

நகக்கண்ணில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு எதற்கும் வரவில்லை. லெப்பை பார்த்தார். "ஏலுமான மட்டும் எடுத்தாச்சி. மிச்சத்த அல்லாஹ் மன்னிப்பான்" என்றார். மற்றவர்கள் தண்ணீரை ஊற்றினார்கள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு மையத்தை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். றிபாத் முன்னால் வலப்பக்கம் தோள் கொடுத்தான். மையவாடியில் மண் தள்ளினான், துஆவுக்குக் கை ஏந்தினான். திரும்பி வந்தபோது வாசலில் போட்டிருந்த கதிரைகளில் கொஞ்சப் பேர்தான் இருந்தார்கள். உள்ளே மர்ஷூதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கத்தில் போய் அமர்ந்ததும், "காலையில ரெண்டு பேரும் வெளியில சின்னப் புள்ளையள் மாதிரி சிரிச்சிட்டிருந்தாங்க. வாப்பா வந்து குடிக்கப் பிளேன்ரீ கேட்டார். ஊத்திட்டு வாறத்துக்குள்ள..." என்று நிறுத்திக்கொண்டாள். அவன் அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். அவன் கையில் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது.

வெளியே ஆதம்பாவா காரின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வேன் ஓட்டுகிறவர், இப்படியான விசயமெல்லாம் தெரியும். பகல் ஏசியதற்கு ஈடு செய்வதுபோலப் பணிவாகப் பேசினார்.

"மருமகன், இது திருப்பி ஒட்டிரிக்கி. ஒங்களுக்கும் தெரிஞ்சிரிக்கும். இப்ப எண்டா தங்கூசி நூலக் கீழால விட்டு அறுத்து எடுத்திரலாம், நேரா வெச்சும் தரலாம். நாளைக்கி எண்டா கல்லுமாதிரிப் புடிச்சிரும், டிக்கிய உடைச்சாத்தான் வரும். ஊரே பாத்துச் சிரிக்கும்." மீன்பிடிக்கிற நைலோன் நூல் ஒரு சுருளைத் தயாராக வாங்கி வந்திருந்தார். றிபாத் அதை வாங்கி விரலில் சுற்றிக்கொண்டு பசையின் ஓரத்தைப் பார்த்தான். அவன் ஆசைப்பட்டு வாங்கிய சாமான். நேராக வைத்தால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

நல்லரெத்தினம் போவதற்காகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தார். மையவாடி கேற்றுக்கு வெளியே கடைசிவரைக்கும் நின்றுவிட்டு வந்தவர்.

"போறன் தம்பி. நாளைக்கு வாறன்."

"ஒண்டு கேக்கட்டா? காலையில கோல் எடுத்து உங்களுக்கு என்ன சொன்னார்?"

நல்லரெத்தினம் சைக்கிளை நிறுத்தினார். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்பது போல இருந்தது அவருடைய முகம். "வேற என்ன. 'நல்லரெத்தினம், மருமகன்ட காருல ஒரு சின்ன வேல கிடக்கு, வந்திட்டுப் போ' எண்டான்."

அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீதியில் இறங்கினார். மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொல்ல ஆரம்பித்தது.

"எங்க, நூலத் தாங்க. தொழுதிட்டு வந்து ரெண்டு பேருமாப் புடிச்சா அஞ்சி நிமிச வேல" என்றார் ஆதம்பாவா.

றிபாத் விரலில் சுற்றியிருந்த நூலைக் கழற்றிச் சுருளோடு அவரிடம் கொடுத்தான். வாசல் மேட்டில் கழன்ற டேப் முனை இன்னும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவன் அதை இழுத்து, டிக்கியின் மேல் படிய வைத்து, பெருவிரலால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தான்.

"காயட்டும் சின்ன மாமா" என்றான்.