பௌர்ணமி எந்த ராத்திரி

செவ்வாய்

சாஃப்ட்வேர் கம்பெனிப் பயிற்சிக்கான விண்ணப்பத்தில் ஒரு புராஜெக்டுக்குத்தான் இடம் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு கேள்வி: "இதை யார் பயன்படுத்துகிறார்கள்?" ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். போன வருடம் இடம் கிடைக்கவில்லை. இந்த வருடமும் கிடைக்காவிட்டால், வீட்டில் வந்தவாசி பக்கம் எங்கள் கிராமத்துக்கே திரும்பி வந்துவிடச் சொல்வார்கள். பகலில் டேட்டா என்ட்ரி, மாலையில் வேங்கிக்காலில் புரோகிராமிங் வகுப்பு, அப்புறம் வாடகை அறை. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இவ்வளவுதான் என் நாள்.

லேப்டாப்பில் இருப்பதையெல்லாம் திறந்து பார்த்தேன். வானிலை ஆப், வீடியோ பார்த்து அப்படியே செய்தது. சதுரங்கம், இரண்டு பக்கமும் நானே ஆடிச் சோதித்தது. வேலைகளைக் குறித்து வைக்கும் ஆப், அதில் என் வேலைகள் மட்டும். எதை எடுத்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

வகுப்பு எடுக்கும் அருணகிரி சாரிடம் கேட்டேன்.

"வெதர் ஆப்பையே அனுப்பும்மா. பாக்க நல்லா இருக்கு. எல்லாரும் அதைத்தான் அனுப்புறாங்க."

பாதியில் விட்ட ஒன்றும் இருக்கிறது. பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். வகுப்பும் இருக்காது. எல்லாருக்கும் தெரியும் என்று சார் அதைச் சொல்வதே இல்லை. போன மாதம் எனக்குத் தெரியவில்லை, வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போனேன். நிலவு முழுதாகும் நேரத்தைக் கணக்கிட்டு, எந்த நாள் வகுப்பு இல்லை என்று முன்கூட்டியே சொல்கிற ஆப் அது.

புதன்

ஆப்பை முடித்துவிட்டேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் கீதாஞ்சலி செங்கம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். சார்ஜர் கேட்பதற்காகவாவது என்னிடம் பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

"நாளைக்கு கிளாஸ் இருக்குதா தென்றல்? காலண்டர்ல நாளைக்கும் பௌர்ணமின்னு போட்டிருக்கு, வெள்ளிக்கிழமையும் போட்டிருக்கு."

போனைக் காட்டினேன். வியாழன், வகுப்பு உண்டு. வெள்ளி, வகுப்பு இல்லை.

"நீயே பண்ணதா? நம்பலாமா?"

"நிமிஷக் கணக்கா பாத்திருக்கேன்."

"அப்ப எனக்கும் அனுப்பு."

அறைக்கு வந்ததும் அந்தக் கேள்விக்கு நேரே "ஒருவர்" என்று அடித்து வைத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழன்

வேலை முடிந்து ரோட்டுக்கு வந்தபோதே தெரிந்துவிட்டது. வேலூரிலிருந்து வந்த பஸ்களைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். குடும்பம் குடும்பமாக இறங்கிக் கோயில் பக்கம் நடந்தார்கள். வகுப்பின் ஷட்டர் மூடியிருந்தது. கீதாஞ்சலிக்குப் போன் போட்டேன். பௌர்ணமிக் கூட்டத்தில் லைன் கிடைக்கவில்லை. ஒருவேளை வந்துவிட்டால் என்று படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். வேறு யாரும் வரவில்லை.

இருட்டுகிற நேரத்தில் அவள் வந்தாள். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள், ஒன்றில் வார் அறுந்திருந்தது. செங்கம் ரோட்டிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்களாம். கூட்டத்துக்கு எதிரே, ஊரின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரை நடந்தே வந்திருக்கிறாள்.

"எங்கம்மா இன்னிக்குத்தான் பௌர்ணமின்னு சொன்னாங்க. உன்னை நம்பி அவங்ககிட்ட சண்ட போட்டுட்டு வந்தேன்."

"கணக்கு சரியாத்தான்..."

"கணக்கு சரி. கிளாஸ் எங்க?"

நானும் பஸ் வரைக்கும் வருவதாகச் சொன்னேன்.

"வேணாம். இவ்ளோ பேர் போறாங்க, நானும் போய்க்கிறேன்."

கூட்டத்தோடு சேர்ந்து நடந்து போனாள். என் அறை எதிர்த் திசையில். அந்தத் திசையில் போனவள் நான் மட்டும்தான்.

வெள்ளி

தப்பு கிடைத்துவிட்டது. கணக்கு நிமிஷம்கூடப் பிசகவில்லை. நிலவு முழுதாவது இன்று பிற்பகல். ஆனால் பௌர்ணமித் திதி அந்த நிமிஷத்தில் தொடங்குவதில்லை, முடிகிறது. தொடங்கியது நேற்று. ஜனங்கள் நடக்கிற ராத்திரி திதிக்குள் இருக்கும் ராத்திரி. நான் முடிகிற நாளை எடுத்திருக்கிறேன். திருத்த நாலு வரிதான் ஆனது. அதை ஒருதடவை காலண்டரோடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. கணக்கு தெரிந்தவள் காலண்டரைப் பார்ப்பாளா என்று நினைத்திருப்பேன் போல.

சனி

கீதாஞ்சலி இன்று ஆர்த்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். சார்ஜரை அவளிடமே வாங்கிக்கொண்டாள்.

ஞாயிறு

காலையில் வானிலை ஆப்பை விண்ணப்பத்தில் ஏற்றினேன். அழகாகத்தான் இருந்தது. அந்தக் கேள்விக்கு "பலர்" என்று அடித்தேன். இரண்டையும் எடுத்துவிட்டுப் பௌர்ணமி ஆப்பை ஏற்றினேன். பதிலை இப்படி எழுதினேன்: "ஒருவர் பயன்படுத்தினார். ஆப் தவறான நாளைச் சொன்னதால் பூட்டிய வகுப்புக்கு வெகுதூரம் நடந்து வந்தார். தவறு என்னவென்று கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறேன். இனியும் பயன்படுத்துவாரா என்று தெரியாது."

இதைப் படித்துவிட்டு யார் இடம் கொடுப்பார்கள் என்று தோன்றியது. இருந்தாலும் அனுப்பிவிட்டேன்.

பிறகு கீதாஞ்சலிக்குத் திருத்திய ஆப்பையும் ஒரு வரியையும் அனுப்பினேன்: "சரி பண்ணிட்டேன். ஸாரி."

சாயங்காலம் வரை பதில் இல்லை. விளக்கு போட எழுந்தபோது வந்தது.

"அடுத்த மாசம் அம்மாகிட்டயும் கேட்டுக்கிறேன்."

அந்த "யும்" மட்டும் போதும் என்று இருந்தது. விளக்கைப் போட்டுவிட்டு, அடுத்த மாதத்து நாளைக் காலண்டரோடு ஒப்பிட உட்கார்ந்தேன்.