நேர்மைக்கு ஓர் ஓட்டு

அந்த அறையில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிய பிறகு இங்கே வந்து சேர்ந்திருந்தாள். திரையில் ஓர் ஆங்கில வாக்கியம் வரும். அதிலுள்ள பெயர்ச்சொற்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, ஆளா, இடமா, பொருளா, கூட்டமா, கண்ணுக்குத் தெரியாத பண்பா என்று ஐந்து நிறப் பொத்தான்களில் ஒன்றை அமுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் எங்கோ ஓர் இயந்திரம் ஆங்கிலம் படிக்கிறதாம். “என் மருமக மிஷினுக்கே இங்கிலீஷ் சொல்லித் தர்றா” என்று மாமியார் தெரு முழுக்கத் தண்டோரா போட்டாகிவிட்டது.

அந்த மருமகளுக்குத்தான் இப்போது சீட்டுக் கிழியும் நிலை.

அறையை மேற்பார்க்கும் லீடர் நாற்காலியோடு உருண்டு வந்தான். அவன் எழுந்து நடந்து யாரும் பார்த்ததில்லை.

“மேடம், உங்க ஸ்கோர் பாதாளத்துல கிடக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஏறலேன்னா வேற ஆள் போட்டுடுவாங்க.”

“நான் போட்டதெல்லாம் சரிதான் தம்பி. ஹானஸ்டின்னா நேர்மை. அது பண்பு. இங்க எல்லாரும் பொருள்னு போடறாங்க.”

“எல்லாரும் போட்டா அதுதானே மேடம் சரி?”

அவன் கிண்டல் செய்யவில்லை. அங்கே முறையே அதுதான். ஒரே வாக்கியம் மூன்று பேருக்குப் போகும். யார் யாருக்கு என்பது தெரியாது. இரண்டு பேர் ஒத்துப்போனால் அதுவே விடை. தனித்து நிற்பவரின் ஸ்கோர் இறங்கும். டீச்சர் வந்த நாள் முதல் தனித்தே நின்றுகொண்டிருந்தாள்.

“சரியா இருந்து என்ன பண்றது டீச்சரம்மா, ஒத்தையா இல்ல இருக்கீங்க” என்றார் எதிர் சீட்டுக்காரர். முன்பு வீட்டுத் தரகராக இருந்தவர். அறைக்குப் புரோக்கர் அண்ணன். “ஆள் சேருங்க.”

மறுநாள் இரண்டு பாக்கெட் பிஸ்கட்டோடு டீ மிஷின் பக்கத்தில் நின்று நேர்மைக்கு ஓட்டுக் கேட்டாள்.

“பொருள் பட்டன்தான்கா கைக்கு வாட்டமா இருக்கு. அதான் அமுக்கிடறது” என்றான் ஒருவன், இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டே.

“நான் இந்த ஆபீஸ்ல நேர்மையைக் கண்ணால பார்த்ததே இல்லக்கா. அப்ப நீங்க சொல்றதுதான் சரி” என்றாள் ஜன்னலோரப் பெண்.

அறையில் பாதி பேர் புரோக்கர் அண்ணன் சொல்கிற பக்கம் சாய்பவர்கள். அவர் பிஸ்கட்டைத் தொடவில்லை.

“நேர்மைக்கு நாங்க போடறோம். பதிலுக்கு ஃபேமிலிக்கு நீங்க ஆள்னு போடணும்.”

“குடும்பம்னா கூட்டம் அண்ணே. அது எப்படி ஒரு ஆள் ஆகும்?”

“எங்க வீட்டுல வந்து பாருங்க. குடும்பம்னா என் பொண்டாட்டி ஒரு ஆள்தான்.” சிரிப்பு அடங்கியதும் குரலை இறக்கினார். “உங்களைப் பார்த்து ஜன்னல் பொண்ணும் கூட்டம்னு போட ஆரம்பிச்சிட்டா. என் ஸ்கோர் அடி வாங்குது. முடியுமா, முடியாதா?”

டீச்சர் டீயைக் குடித்து முடித்தாள். பிறகு தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை அந்த வாக்கியம் வந்தது. ஒரு குடும்பத்தின் நேர்மையை ஊரே மெச்சியதாம். நேர்மைக்குப் பண்பு என்று அமுக்கினாள்; மனசு குளிர்ந்தது. குடும்பத்தின்மேல் விரல் நின்றது. வகுப்பில் இதற்காக எத்தனை பிள்ளைகளைப் பெஞ்சுமேல் ஏற்றியிருப்பாள்! தெருமுனையில் மாமியார் நிற்கும் தோரணை ஞாபகம் வந்தது. ஆள் என்று அமுக்கினாள்.

விடை ஒத்துப்போனதென்று இரண்டுக்கும் திரையில் பச்சை விளக்கு எரிந்தது.

சாயங்காலம் லீடர் உருண்டு வந்தான். “சூப்பர் மேடம்! இப்பத்தான் உங்களுக்கு இங்கிலீஷ் பிடிபட்டிருக்கு.”

“தேங்க்ஸ் தம்பி” என்றாள்.

அடுத்த வாக்கியத்தில் டீம் என்று ஒரு சொல். டீச்சர் அதை முழுதாகப் படிக்கவில்லை. தலையை நிமிர்த்தி எதிர் சீட்டைப் பார்த்தாள். புரோக்கர் அண்ணனுக்கும் அதே வாக்கியம்தான் போலும்; திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, ஒரு ஆள் என்று ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினார்.