கலங்கரை விளக்கத்துப் பெண்ணின் அம்மா

படம் பாதி ஓடும்போதே என் அண்ணன் கஸ்ஸான் எழுந்துவிட்டான். மடியிலிருந்த சோளப்பொரி தரையெல்லாம் சிதறியது. மகள் ஜுமானாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தான். அவளோ வாசல்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். திரையில் ஒரு சவப்பெட்டிமேல் மண் விழுந்துகொண்டிருந்தது. மூவருடைய கோட்டுகளையும் அள்ளிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். அண்ணி ஹனாதி போனதிலிருந்து இதுதான் என் பிழைப்பு, அவன் விட்டுவிட்டுப் போவதையெல்லாம் அள்ளுவது.

அம்மான் நகரத்து வெள்ளிக்கிழமை நெரிசலில் கார் ஊர்ந்தது. அவன் வாய் மட்டும் ஓய்ந்தபாடில்லை.

"இதெல்லாம் ஒரு படமா? ஒவ்வொரு முடியையும் தனித்தனியா கம்ப்யூட்டர்ல வரையத் தெரியுது, கண்ணுல உயிரக் காணோம். நம்ம காலத்துல கையால நாலு கோடு போட்டான், கடல் வந்து மேல தெளிச்சுது. போதாததுக்கு அந்த அம்மாவக் கொன்னு வேற தொலைச்சிருக்கானுங்க!"

இந்தப் படம் எதைப் புதிதாக எடுத்ததோ, அந்தப் பழைய ஜப்பான் கார்ட்டூனைப் பார்த்து வளராதவர்கள் எங்கள் வயதில் கிடையாது. வீட்டில் யாருமே பேசாத ஏட்டு அரபியில் அதில் எல்லாரும் பேசுவார்கள். நானும் அண்ணனும் ரொட்டிக்குச் சண்டை போடுவதுகூட அந்த மொழியில்தான். கலங்கரை விளக்கத்துப் பெண்ணின் அம்மா சிகிச்சைக்காகக் கப்பலேறிப் போவாள். மகள் விளக்கேற்றிக் காத்திருப்பாள். அத்துடன் தொடர் முடிந்துவிடும். கஸ்ஸானுக்குப் பகலில் மருந்துக்கடை. மற்ற நேரமெல்லாம் பழைய கார்ட்டூன்களைக் கொண்டாடியும் புதுப் படங்களைக் கிழித்தும் வீடியோ போடுவான். அந்தக் காத்திருப்பைப் பற்றி மட்டும் எத்தனை போட்டிருப்பான் என்று கணக்கில்லை.

ஹனாதியை அடக்கம் செய்துவிட்டு வந்தவன் மகளை உட்கார வைத்து, அதே ஏட்டு மொழியில் சொன்னான்: "அன்னை சிகிச்சைக்காகக் கடல் கடந்து சென்றிருக்கிறார். குணமடைந்ததும் மீள்வார்." சொன்னதோடு சரி, அவன் கடைக்குப் போய்விடுவான். கப்பல் எங்கே நிற்கிறது, அங்கே குளிருமா, போன் கிடையாதா என்று அவள் கேட்பதெல்லாம் என்னிடம். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்து இதற்கும் பதில் சொல்லிச் சொல்லி எனக்குச் சலித்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேஜையில் போனை நிறுத்தி, இந்தப் படத்தைத் திட்டி வீடியோ எடுக்கத் தயாரானான். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"அண்ணே, யாரும் புதுசாக் கொல்லல. ஜப்பான்காரன் எடுத்ததுலயே அவ செத்துத்தான் போறா. குழந்தைங்க அழும்னு நம்மாளுங்க அரபியில வசனத்த மாத்திட்டாங்க. கப்பலே கிடையாது."

"உனக்கு யாரு சொன்னா?"

"உன் வீடியோவுக்குக் கீழயே எழுதுறாங்களே. நீதான் அழிச்சுக்கிட்டே இருக்க."

அவன் நாற்காலியில் சரிந்தான். "தெரியும்" என்றான். "எப்பவோ தெரியும். ஆனா நம்ம பார்த்ததுல அவ வந்துருவா, சௌசன்."

அவனை ஓங்கி அறையலாம் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டுக்கும் எனக்குத் தெம்பில்லை. தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

ஜுமானா எப்போது வந்து நின்றாளோ தெரியவில்லை. கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, அந்தப் பொண்ணு அவங்க அம்மா மேல மண்ணு போட்டாள்ல?"

நான் அடுப்பை அணைத்தேன்.

"நம்ம அம்மா மேல யாரு போட்டா?"

பழக்கதோஷத்தில் கப்பல் என்று சொல்ல வாயெடுத்தேன். கஸ்ஸான் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தான்.

"நான்தான் கண்ணு" என்றான்.

அவள் அழவில்லை. அவனிடம் போய் அவன் வலது கையை எடுத்து விரித்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு அதைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு நகக்கண்ணாகப் பார்க்க ஆரம்பித்தாள்.